ஸ்டான் மாமாவின் தோல்

வெண்டல் சோப்சாக் தொடங்கிய காரியம் எதுவும் முடிந்ததாகச் சரித்திரம் இல்லை. அமெரிக்காவில் டொலிடோ நகரத்து லக்ரேஞ்ச் தெருவை ஒட்டிய வீட்டின் கார் கொட்டகையில் அடிப்பாகம் மட்டும் உள்ள படகு ஒன்று பதினாறு வருடமாகக் கிடக்கிறது. கல்லூரி ஒன்றரை வருடம். கல்யாணம் இரண்டு வருடம். கிட்டார் மூன்று பாடம். வீடுகளுக்குச் சூடேற்றும் உலைகளைப் பழுது பார்க்கும் வேலையை மட்டும் ஒழுங்காகச் செய்தான். ஜனவரிக் குளிரில் உலையைப் பாதியில் விட்டுக் கிளம்பினால் வீட்டுக்காரர்கள் வாசலைத் தாண்ட விடமாட்டார்கள் அல்லவா.

இதெல்லாம் அவனுடைய அக்கா நோரீன் வைத்திருக்கும் பட்டியல். அவனைவிட ஆறு வயது மூத்தவள், பதினோராம் வகுப்போடு படிப்பை விட்டவள், பள்ளிச் சமையலறையில் இருபத்தெட்டு வருடமாகக் கரண்டி பிடிப்பவள். வீட்டில் தரைத்தளம் அவளுக்கு, நிலவறை அவனுக்கு. அங்கேதான், நோரீனின் கட்டிலுக்கு நேர் கீழே, பதினோரு வருடமாக அவனது உப்புநீர்த் தொட்டி இருந்தது. அவன் பாதியில் விடாத ஒரே காரியம் அதுதான்.

தொட்டியின் நடுவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு மெல்லுடல் பவளம் இருந்தது. பெரிய காளான் போன்ற உடல், மேலே குட்டை முடிபோல ஆடும் நூற்றுக்கணக்கான இழைகள். சுருங்கினால் இழைகள் உள்ளே போய்விடும், பளபளக்கும் வழுக்கைதான் மிஞ்சும். அவர்களுடைய தாய்மாமன் ஸ்டான் வெளியே போகும்போது மட்டும் விக் வைத்துக்கொள்வார். அதனால் அதற்கும் ஸ்டான் மாமா என்று பெயர். பவளம் வளர்ப்பவர்களின் சங்கத்தில் பாதிப் பேர் வீட்டில் அதன் துண்டுகள் வளர்ந்தன. வெட்டிக் கொடுப்பதுதான் அந்தக் கூட்டத்தின் வழக்கம். வெண்டல் யாரிடமும் இல்லை என்று சொன்னதில்லை.

வெண்டலின் முகத்துக்கு நேரே நோரீன் அந்தத் தொட்டியைப் பற்றி நல்ல வார்த்தை ஒன்றுகூடச் சொன்னதில்லை. பள்ளிச் சமையலறையில் உருளைக்கிழங்கு மசிக்கும்போது மட்டும், "என் தம்பி கடலையே வீட்டுக்குள்ள வச்சிருக்கான்" என்று தொடங்குவாள். மற்றவர்கள் வேறு மேசைக்கு நகர்ந்துவிடுவார்கள்.

அக்டோபர் இருபத்தேழாம் தேதி தொட்டியில் ஸ்டான் விக்கைக் கழற்றினார். வழக்கமாக வருடத்துக்கு இரண்டு மூன்று தடவை நடப்பதுதான். மேலே மெழுகுபோல ஒரு தோல் படியும், அது உரிந்து போகும், கீழிருந்து புதிதாக வருவார். ஒவ்வொரு தடவையும் வெண்டல், போய்ச் சேர்ந்துவிட்டார் என்று துக்கம் கொண்டாடுவான். இந்தத் தடவை இணையத்தில் எவனோ ஒருவன், வயதான பவளத்துக்கு ஓய்வு தேவை என்று ஆழ்ந்த குரலில் பேசியதைக் கேட்டுத் தொலைத்தான். விளக்கை மங்கலாக்கினான். நீரில் அலை எழுப்பும் மோட்டாரைக் குறைத்தான். பாறையை நாலு தடவை இடம் மாற்றினான். குட்டி இறால்களை ஊட்டப் பார்த்தான். இனிக் கோழி சூப் ஒன்றுதான் பாக்கி என்று நோரீன் நினைத்தாள்.

மூன்று வாரமாகியும் தோல் உரியவில்லை. அதன்மேல் பாசி பிடித்தது. உள்ளேயே செத்து அழுகினால் தொட்டியில் மற்ற எதுவும் மிஞ்சாது. புதன்கிழமை வெண்டல் சங்கத்து லூபே ஒச்சோவாவுக்குப் போன் செய்தான். அவள் பள்ளிப் பேருந்து ஓட்டுபவள், சொந்தமாகச் சின்ன லாரி வைத்திருந்தாள். ஞாயிறு பன்னிரண்டு மணிக்கு வந்து தொட்டி, மீன், பாறை எல்லாவற்றையும் எடுத்துப் போகச் சொன்னான். ஸ்டானின் துண்டு ஒன்றைத் திருப்பித் தருவதாக அவள் சொன்னாள். அது அவரோட பிள்ளை, அவர் இல்லையே என்று போனை வைத்துவிட்டான்.

"நல்லதாப் போச்சு. அந்த இடத்துல என் ஃப்ரீசரை வைக்கலாம்" என்றாள் நோரீன். மேலே வந்தவள் அடுப்பைப் பற்றவைக்காமலே சட்டியைக் கிளறிக்கொண்டிருந்தாள். பட்டியலில் இன்னொன்று சேரப் போகிறது. அதை எழுத அவளுக்குக் கை வரவில்லை.

வெள்ளிக்கிழமை, தேங்க்ஸ்கிவிங் பண்டிகை விருந்துக்குப் போன வருடம் எத்தனை பவுண்டு வான்கோழி வாங்கினோம் என்று பார்க்கப் பழைய காலண்டர்களை எடுத்தாள். தினமும் அந்தந்தத் தேதிக் கட்டத்தில் எழுதிவைப்பது அவள் பழக்கம். பால் தீர்ந்தது, பனி பெய்தது, கீழே மோட்டார் சத்தம், தூக்கமில்லை. போன மார்ச்சில் ஓரிடத்தில் 'ஸ்டான் செத்ததாக வெண்டல் அழுகிறான்' என்று இருந்தது. ஒன்பது கட்டம் தள்ளி 'விக் வந்துவிட்டது'. ஆகஸ்டில் பதினோரு கட்டம். முந்தின வருடம் எட்டு. எல்லாக் கட்டங்களிலும் 'சத்தம், தூக்கமில்லை'. இந்த வருடம் அக்டோபர் முப்பது முதல் மட்டும், 'நன்றாகத் தூங்கினேன்'. இருபத்தொரு நாள்.

காலண்டரோடு கீழே இறங்கினாள்.

"மோட்டாரை ஏன்டா குறைச்ச?"

"முடியாம கெடக்கறவர் மேல அலை அடிக்கலாமா, நோரி?"

"அவரு ஆஸ்பத்திரியிலயா படுத்திருக்காரு? கடல்ல எவன் அவருக்காக அலையைக் குறைச்சான்? அலை அடிச்சாத்தானே அந்தத் தோலு பிச்சுக்கிட்டுப் போகும். இந்தா, பாரு."

அவன் கட்டம் கட்டமாகப் படித்தான். மார்ச்சை இரண்டு தடவை படித்தான்.

"பதினோரு வருஷமா துடைப்பக்கட்டையால தரையை இடிச்சவ நீ."

"ஆமா. இப்ப சொல்றேன், முழுசாத் திருப்பு."

திருப்பினான். வீடே உறுமியது. தோலின் ஓரம் எழும்பிப் படபடத்தது, நடுவில் ஒட்டிக்கொண்டு வரமாட்டேன் என்றது. வெண்டல் தயங்கித் தயங்கி ஒரு இழுப்பறையைத் திறந்தான். உள்ளே, வேகும் வான்கோழியின் சாற்றை உறிஞ்சி அதன் மேலேயே ஊற்றுவதற்கான ரப்பர் குமிழ்க் குழாய்கள் மூன்று இருந்தன. மூன்று தேங்க்ஸ்கிவிங்காக நோரீன் தேடிக் காணாமல், வருடத்துக்கு ஒன்று புதிதாக வாங்கியவை.

"ஒண்ணு பாறையிலிருந்து அழுக்கை ஊதறதுக்கு, ஒண்ணு இறால் ஊட்டறதுக்கு" என்று இழுத்தான்.

"மூணாவது?"

"அது நல்லா இருந்துச்சு."

அவள் ஒன்றைப் பிடுங்கினாள். அவன் தொட்டுத் தடவி ஊதுவதைப் பார்க்கப் பொறுமையில்லை. முழங்கை வரை உப்புநீரில் விட்டு, பாதிரியார் தீர்த்தம் தெளிப்பதுபோல நாலு பக்கமும் பீய்ச்சினாள். ஆறின பாலின் ஏடுபோலத் தோல் சுருண்டு எழுந்து, மோட்டாரின் அலையில் போய்விட்டது. கீழே ரோஜா நிறத்தில் ஒரு மொட்டைத்தலை. உயிர் இருக்கிறதா இல்லையா என்று அன்றைக்குச் சொல்ல முடியவில்லை.

ஞாயிறு பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் முன்பே லூபே பெரிய வாளிகளோடு வந்துவிட்டாள். தொட்டிக்கு முன் குனிந்தாள். ஸ்டானின் இடது ஓரத்தில் ஏழு இழைகள் நீட்டிக்கொண்டிருந்தன. காலையிலிருந்து நோரீன் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"தோலு உரிச்சு ரெண்டு நாள் ஆனவரை லாரியில ஏத்தச் சொல்றியா?" என்றாள் லூபே. "இவரோட பையன் என் வீட்ல இருக்கான், வெண்டல். அவன் மூஞ்சில நான் முழிக்கவேண்டாமா?"

வெண்டல் அக்காவைத் திரும்பிப் பார்த்தான். ஃப்ரீசர் விஷயம் இருந்ததே.

"அளந்து பாத்துட்டேன்" என்றாள் நோரீன். "அங்க கொள்ளாது."

அளந்தது உண்மைதான். வைத்தபிறகும் நாலு அங்குலம் மிச்சமிருந்திருக்கும். லூபே ஒரு காபி குடித்துவிட்டு, வசந்தத்தில் ஒரு துண்டு வேண்டும் என்று இப்போதே சொல்லிவைத்து, காலி வாளிகளோடு போனாள்.

வியாழக்கிழமை, தேங்க்ஸ்கிவிங் அன்று, நோரீன் நாலாவது குழாய் வாங்கினாள். நாலிலும் சீட்டு ஒட்டி எழுதினாள். மூன்றில் 'ஸ்டான்', ஒன்றில் 'வான்கோழி'. சாப்பாட்டில் வெண்டல் இரண்டு தடவை போட்டுக்கொண்டான்.

"கொஞ்சம் உப்பு தூக்கலா இருக்கு, நோரி."

அவள் கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சமையலறை இழுப்பறையைத் திறந்து பார்த்தாள். 'வான்கோழி'க் குழாய் ஈரம் படாமல் உறையோடு இருந்தது, பக்கத்தில் 'ஸ்டான்' ஒன்றின் நுனியில் கொழுப்பு பளபளத்தது. திரும்பி வந்து உட்கார்ந்து, உனக்கு நாக்கு செத்துப்போச்சு என்று சொல்லிவிட்டுத் தன் தட்டை முழுதாகச் சாப்பிட்டாள். பிறகு காலண்டரில் அன்றைய கட்டத்தில் எழுதினாள்: பதினாலு பவுண்டு. விக் வந்துவிட்டது. சத்தம், தூக்கமில்லை.