ஜன்னலைப் பார்த்துக் கட்டிய குழாய்

பள்ளத்தூரில் ஹோட்டலாக மாற்றிய ஒரு பெரிய வீட்டுக்கு மைக்செட் போடப் போயிருந்தேன். அங்கே தங்கியிருந்த வெள்ளைக்காரர் ஒருவர் தன் செல்போனை என் ஆம்ப்ளிஃபயரில் மாட்டி ஒரு பாட்டைப் போட்டார். கரகரவென்று வந்தது. ஸ்பீக்கர் கிழிந்துவிட்டது என்று நினைத்து வேறு பெட்டியை மாட்டினேன். அதிலும் அதே கரகரப்பு. நான் பெட்டியில் காதை வைத்துக்கொண்டிருந்தபோது ஹோட்டல் மேனேஜர் வந்து தோளைத் தட்டினார்.

"ஏண்ணே பொட்டியப் போட்டு உருட்டுறீக? பாடுறவர் தொண்டையே அப்படித்தானாம். அயர்லாந்துக்காரராம். அவரே எழுதி அவரே பாடுவாராம்."

என் தொண்டையும் அப்படித்தான்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இருபத்திரண்டு வயதில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் சேர்ந்தேன். குழுவை நடத்தியவர் ஒரு பள்ளிக்கூட ஆசிரியர்; ஊருக்கே அவர் 'சார்'. கிறிஸ்துமஸ் ஒத்திகையில் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார்.

"யாருப்பா அது, தகர டப்பாவ ரோட்டுல இழுக்குறது? நீ வாய மட்டும் அசை. சத்தம் வரக் கூடாது."

பெண்கள் வரிசை முழுவதும் சிரித்தது. நான் கட்டிக்கொள்ள நினைத்திருந்த பெண்ணும் அந்த வரிசையில்தான் இருந்தாள். அவளும் சிரித்தாள். கிறிஸ்துமஸ் அன்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் வாயைத் திறந்து திறந்து மூடினேன்.

பிறகு மைக்செட் தொழிலுக்கு வந்தேன். இந்தத் தொழிலில் எல்லோரும் மைக்கில் 'ஹலோ, ஒன், டூ' சொல்லிப் பார்ப்பார்கள். நான் நகத்தால் தட்டித்தான் பார்ப்பேன். கோயிலில் சார் பாடும் நாட்களில், குரலை இனிமையாகக் காட்டும் எக்கோவைக் குறைத்துவிடுவேன். கூட்டச் சொல்லிக் கையைக் காட்டுவார். கூட்டிவிட்டதாகத் தலையாட்டுவேன். அது எனக்குப் போதவில்லை.

கல்லூரியில் படிக்கும் என் மகள் அந்த அயர்லாந்துக்காரரின் கதையைப் போனில் தேடிப் படித்துச் சொன்னாள். ஆரம்பத்தில் சாராயக் கடைகளில் பாடினாராம். குடித்துக்கொண்டிருந்தவர்களே எழுந்து போனார்களாம். இசைத்தட்டுக் கம்பெனி முதலாளி ஒருவர், பாட்டெல்லாம் நன்றாக இருக்கிறது, பாட மட்டும் வேறு ஆளை வைத்துக்கொள் என்றாராம். இவர் துறைமுகத்தில் மூட்டை தூக்கி, அந்தக் கூலியில் தானே பாடிப் பதிவு செய்தார். ஆட்கள் மெதுவாகத்தான் வந்தார்கள். பிறகு ஒரு வரி கேட்டாலே இவர்தான் என்று சொல்லுமளவுக்கு அந்தத் தொண்டை பேர் வாங்கிவிட்டது. கிழவராகியும் ஊர் ஊராகப் போய்ப் பாடுகிறார்.

அதெல்லாம்கூட எனக்குப் பெரிதாகப் படவில்லை. ஒவ்வொரு இசைத்தட்டு வந்தபோதும் முதல் பிரதியை அந்த முதலாளியின் வீட்டுக்குத் தபாலில் அனுப்பினாராம். கடிதம் எதுவும் வைக்கமாட்டாராம். அந்த ஆள் சாகும்வரை அனுப்பினாராம். அந்த இடத்தை மட்டும் மகளை இரண்டு தடவை படிக்கச் சொன்னேன்.

"என்னப்பா, மொகத்துல இம்புட்டு சந்தோசம்? நீங்க யாருக்கு அனுப்பப் போறீக?"

என்னிடமும் நான் எழுதிய பாட்டு ஒன்று இருந்தது. தண்ணீர் லாரிக்கு எங்கள் தெருப் பெண்களோடு மாதாவும் குடத்தை வைத்துக்கொண்டு நிற்பதாக எழுதியிருந்தேன். மூன்று சரணம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, சுவரைப் பார்த்து உட்கார்ந்து பாடினேன். மகள் போனில் பதிவு செய்தாள்.

திருவிழாவுக்குத் தெருக் கம்பங்களில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவது என் வேலை. எப்போதும் பாதித் தெருவோடு நிறுத்திவிடுவேன். இந்த வருடம் இன்னும் மூன்று கம்பம் தள்ளிப் போய், சார் வீட்டு ஜன்னலைப் பார்த்து ஒன்றைக் கட்டினேன். அவருக்கு இப்போது எண்பதை நெருங்கும் வயது. வாசலில் வந்து நின்றார்.

"இங்குட்டு எதுக்குப்பா?"

"வயசானவுகளுக்குப் பூசை கேக்கணும்ல சார்."

"நல்ல புத்தி ஒனக்கு."

மறுநாள் சாயங்காலம் நாலு மணிக்கு, கூட்டம் வருவதற்கு முன்பு பதிவுப் பாட்டுகள் ஓடும் நேரத்தில், என் பாட்டைப் போட்டேன். சார் கோயில் வாசலில் நாற்காலியில் இருந்தார். பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா, "யாரு பெத்த பிள்ளையோ, தொண்டை கட்டிக்கிட்டுப் பாடுது" என்றாள். சார் இரண்டாவது வரியிலேயே என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் தலையைக் குனியவில்லை.

அவர் எழுந்து வீட்டுக்கு நடந்தார். நான் சத்தத்தைக் கூட்டினேன். எங்கள் தெரு நேரானது. ஒரு கம்பத்தைத் தாண்டினால் அடுத்த கம்பத்தில் என் குரல் அவருக்காகக் காத்திருந்தது. வீட்டுக்குள் போனார். ஜன்னலைச் சாத்தும் கை மட்டும் எனக்குத் தெரிந்தது. இன்னும் கொஞ்சம் கூட்டினேன்.

திருவிழா முடிந்த மறுநாள் காலை குழாய்களை அவிழ்த்துக்கொண்டே வந்து, கடைசியாக அவர் வீட்டு எதிரே ஏணியைச் சாத்தி ஏறினேன். ஜன்னல் திறந்தது.

"மூணாவது சரணத்துல சுதி எறங்கிருச்சு" என்றார்.

"அப்படியா சார்?"

"இன்னமும் தகர டப்பாதான் நீ."

மூன்றாவது சரணம்தான் பாட்டின் கடைசி. அதுவரைக்கும் கேட்டிருக்கிறார். ஜன்னலைச் சாத்திய பிறகும் கேட்டிருக்கிறார்.

குழாயை அவிழ்க்காமலே ஏணியிலிருந்து இறங்கினேன்.

"இது இருக்கட்டும் சார். கிறிஸ்துமஸுக்கு வேணும்."

அடுத்த பாட்டில் ஐந்து சரணம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.