உமி மச்சில் விட்ட வழி

கோம்பை

மரியாதைக்குரிய தேவாரம் சின்னச்சாமி அவர்கள் சமூகத்துக்கு வணக்கம். தங்கள் தமக்கையார் வெள்ளையம்மாள் அவர்களைக் குறித்துப் பதினாறாம் நாள் காரியத்தில் வாசிக்க எழுதித் தருமாறு கேட்டிருந்தீர்கள். அந்நாள் கடந்தபின் எழுதுகிறேன். தாமதத்தைப் பொறுத்தருள வேண்டும்.

செய்தி வந்தபோது அவருக்காகச் சேர்த்து வைத்த பத்திரிகைகளை அடுக்கிக்கொண்டிருந்தேன். தங்கள் ஊரான தேவாரத்திலிருந்து வந்த வண்டிக்காரர், "தையக்காரம்மா காய்ச்சல்ல தவறிட்டாக" என்று சொல்லிவிட்டு, வண்டியை விட்டு இறங்காமலே போனார்.

அவரை அறியாதோருக்காகச் சொல்கிறேன். ரவிக்கை தைத்துப் பிழைத்தவர். அவரும் நானும் துணையற்றவர்கள். ஒரே தகரக் கூரையின் கீழ் அடுத்தடுத்த வீடு. நடுச்சுவர், கூரைக்குக் கீழே பரப்பிய மச்சுப் பலகையோடு நின்றுவிடும். அதற்குமேல் கூரைவரை இரு வீட்டுக்கும் பொது. பள்ளி வாசலை மிதியாமல் நானே எழுத்துக்கூட்டிக் கற்ற தமிழில் பிற்பகல்தோறும் பத்திரிகையை உரக்க வாசிப்பேன். அப்பக்கம் தையல் இயந்திரத்தின் ஓசை நின்றுவிடும். "அந்த எடத்த இன்னொருக்கா வாசிங்க மதினி" என்று பலகை இடுக்கு வழியே குரல் வரும்.

ஒரு சித்திரையில் தகரத்தின் வெக்கை தாளவில்லை. "மதுரையில ஐஸ்கட்டிய உமிக்குள்ளதான் பொதச்சு வைக்கிறாக. ஐசையே காப்பாத்துற உமி நம்மளக் காப்பாத்தாதா?" என்றார். அரிசி மில்லிலிருந்து மூட்டைகள் வந்தன. பூச்சி அண்டாதிருக்கச் சுண்ணாம்பு கலந்து மச்சின்மேல் கொட்டினோம். அடியில் பாய் விரிக்க மறந்தோம். என் குழம்பெல்லாம் உமி.

"இது மாட்டுக்கு வச்சதா மதினி, மனுசருக்கா?" என்று சிரித்தார். அத்தனையும் அள்ளி, பாய் விரித்து, மறுபடி கொட்டினோம்.

வீடு குளிர்ந்தது. அன்று வாசித்தேன், மறுமொழி இல்லை. மறுநாளும் இல்லை. என் வாசிப்பு அவருக்குச் சலித்துவிட்டதென்று எண்ணிப் பத்திரிகையை மடித்து வைத்தேன். பிறகு அவரே வாசலில் வந்து நின்றார்.

"என்ன மதினி, கோவமா? சத்தத்தையே காணோம்."

"வாசிச்சேனே. நீங்கதான் பேசல."

அவர் மச்சை அண்ணாந்து பார்த்தார். "அடப் பாவி உமி! வெயிலத் திங்கச் சொன்னா ஒங்க சத்தத்தையும் சேத்துத் தின்னுருச்சே."

அன்றே ஏணி வைத்து ஏறினார். சுவருக்கு நேர்மேலே உமியை ஒதுக்கினார். இருபுறமும் ஒவ்வொரு பலகையைக் கழற்றி, உமி சரியாதிருக்கத் தகரத் துண்டுகளை நட்டார்.

"வெக்கை வருமே" என்றேன்.

"வரட்டும். ஒங்க கொரலும் வரும்ல."

யுத்தச் செய்திகள் யாவற்றையும் அவ்வழியேதான் அவர் கேட்டார். காய்ச்சலோடு தங்கள் இல்லத்துக்குப் புறப்பட்ட காலையிலும், "பேப்பரச் சேத்து வைங்க மதினி. தனியா வாசிச்சு முடிச்சுராதீக" என்றே சொன்னார்.

அவர் வீட்டில் புதிதாகக் குடியேறுவோருக்காக அவ்வழியையும் உமியிட்டு அடைக்கப்போவதாகத் தாங்கள் சொல்லியனுப்பினீர்கள். நியாயந்தான். ஆயினும் நேற்றுப் பிற்பகல், சேர்த்து வைத்த முதல் பத்திரிகையை எடுத்து, அவ்வழியின் கீழ் அமர்ந்து உரக்க வாசித்தேன். முடித்து நிமிர்ந்தேன். மேலிருந்து வெக்கை மட்டும் இறங்கியது.

சென்று வாருங்கள், வெள்ளையம்மாள் மதினி. மீதியையும் வாசிக்கிறேன்.

சேர்த்து வைத்தவை தீரும்வரையிலேனும் அவ்வழியை அடைக்காதிருக்க வேண்டுகிறேன். பதிலை விரைவில் எழுதுங்கள்.