றோல்ஸ் கொண்டுபோன சபாநாயகர்

நேற்றுப் பின்னேரம் மொன்றியல் பியர்பொன்ட்ஸில் மகள் வீட்டுச் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு தொலைக்காட்சி பார்த்துக்கொண்டிருந்தேன். ஏதோ ஒரு நாட்டுப் பாராளுமன்றத்தைக் காட்டினார்கள். கோட் போட்ட பெரிய மனிதர்கள் ஒருவர் கழுத்துப்பட்டியை மற்றவர் பிடித்து இழுக்க, உயரமான கதிரையில் இருந்த ஒரு பெண் மேசையில் தட்டித் தட்டித் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தாள். "பாவம் சபாநாயகர். நானும் ஒருநாள் இப்பிடிக் கத்தினனான்" என்றேன். மகள் கைபேசியிலிருந்து தலையைத் தூக்காமலே, "உங்களுக்கு விசர் அம்மா" என்றாள்.

நீங்களும் நம்பமாட்டீர்கள். பரவாயில்லை, சொல்லிவிடுகிறேன்.

அப்போது எனக்கு டோர்வலில் வேலை. விமானங்களுக்குச் சாப்பாடு கட்டுகிற சமையற்கூடம். சூடான அலுமினியத் தாளின் மணம் இருக்கிறதே, அது மூக்கில் பட்டால் இன்றைக்கும் என் கை தானாகத் தலைமயிரை மூடுகிற வலையைத் தேடும். பாதிப்பேர் எங்கள் யாழ்ப்பாணத்துப் பெண்கள், மிச்சம் உலகம் முழுவதும். என் மேசைக்கு எதிர்மேசை ரெபெக்கா. ஆபிரிக்காவில் அப்போதுதான் பிறந்திருந்த ஒரு நாட்டுக்காரி. நாட்டின் பெயரைச் சொல்லமாட்டேன், அவளுடைய சொந்தங்கள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். நாங்கள் ஒருவரையொருவர் கூப்பிடுவதைப் பார்த்து அவளும் என்னை அக்கா என்பாள். மிச்சமெல்லாம் அரைப் பிரெஞ்சு, அரை ஆங்கிலம். அதை நான் என் தமிழிலேயே சொல்கிறேன், கோபிக்காதீர்கள்.

அவர்களுடைய பாராளுமன்றம் முதன்முதல் கூடிய நாளை மொன்றியலில் இருந்த அவளுடைய ஆட்கள் ஒரு சங்கம் வைத்து வருடாவருடம் கொண்டாடுவார்கள். நோத்ர-டாம்-த-கிரேஸ் என்ற பகுதியில் ஒரு தேவாலயத்து நிலவறை மண்டபம். பிள்ளைகளை உறுப்பினர்களாக இருத்தி, ஒரு பெரியவரைச் சபாநாயகராக்கி, முதல் நாள் சத்தியப்பிரமாணத்தைத் திருப்பிச் சொல்லவைப்பார்கள். இதைத் தொடங்கிவைத்தவன் ரெபெக்காவின் தமையன் பீட்டர். அந்த முதற் பாராளுமன்றத்தில் எழுத்தராக இருந்து, வாக்கெடுப்பில் கைகளை எண்ணியவன்; பிறகு கனடாவுக்கு வந்து ஒட்டாவாவில் இருந்தான். ஒரு தேசத்தைத் தானே பெற்றெடுத்தமாதிரி ஒரு நடை நடப்பான். சாப்பாடு என் பொறுப்பு. மீனும் கிழங்கும் வைத்துச் சுருட்டிப் பொரித்த றோல்ஸும் ஃபிரைட் ரைஸும். எங்கள் றோல்ஸுக்கு மயங்காத சாதி இந்த உலகத்தில் உண்டா, சொல்லுங்கள்!

அந்த வருடம் விழாவுக்கு முந்தின வாரம் அவர்கள் தலைநகரில் துப்பாக்கிச் சூடு தொடங்கிவிட்டது. இரண்டு இனம், இரண்டு தலைவர்கள். ரெபெக்கா ஓரினம், அவள் புருஷன் சைமன் மற்ற இனம். உடை மாற்றுகிற அறையில் அலுமாரிக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"சைமன்ரை ஆக்கள் எங்கட சித்தப்பா வீட்டை எரிச்சுப்போட்டினம் அக்கா. விழாவிலை வைச்சு சங்கத்தை ரெண்டாக்கச் சொல்லிக் கேக்கப்போறானாம் அண்ணை. ரெண்டானால் அண்டைக்கே பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு தன்னோடை ஒட்டாவாவுக்கு வரட்டாம். வராட்டில் தனக்குத் தங்கச்சி இல்லையாம்."

"சைமன் என்ன சொல்லுறார்?"

"அவர் கதைக்கிறேல்லை. நீங்கள் கட்டாயம் வாங்கோ. வெளியாள் ஒருத்தி நிண்டால் அடிபடமாட்டினம்."

நான் போனது அடிபாட்டை நிறுத்த அல்ல, றோல்ஸ் கொடுக்க. ஆனால் மண்டபத்துப் படி இறங்கும்போதே நிலைமை விளங்கிவிட்டது. அவ்வளவு சனம், ஒரு சத்தமில்லை. நடுவில் பாதை விட்டு இரண்டு பக்கமாக இருந்தார்கள். மற்ற வருடங்களில் ஓடித்திரிகிற குஞ்சுகுருமான்களைத் தாய்மார் மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார்கள். ரெபெக்கா பாதை ஓரக் கதிரையில். மறுபக்க ஓரத்தில் சைமன். புருஷன் பெண்சாதிக்கு நடுவில் ஒரு முழம் வெறும் நிலம்.

சபாநாயகர் கதிரையில் யார் இருப்பது என்பதிலேயே தொடங்கிவிட்டது. இந்தப் பக்கம் ஒரு பெயர் சொன்னால் அந்தப் பக்கம் எழும்பிக் கத்தியது. ஒருவன் அடிக்கவென்று ஒரு கதிரையைத் தூக்கிவிட்டான். அப்போது பின்னாலிருந்து ஒரு குரல்: "அந்தச் சாப்பாட்டுக்காரியை இருத்துங்கோ! அவளுக்கு எங்கட சண்டையிலை பங்கில்லை!"

யாராவது சிரிப்பார்கள் என்று பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை. பீட்டர் சபாநாயகர் கதிரையை எனக்கு இழுத்து விட்டான். சாப்பாட்டுத் தட்டங்களோடு வாசலில் நின்ற என் மனுசன் அங்கிருந்தே கூப்பிட்டார்.

"இஞ்சேரும், உமக்கென்ன விசரே? றோல்ஸை வைச்சிட்டு வாரும், போவம்!"

போயிருக்கலாம். ரெபெக்கா என்னைப் பார்த்த பார்வையில் கால் வரவில்லை. ஏப்ரனோடேயே போய்க் கதிரையில் இருந்தேன். தட்டுவதற்குச் சுத்தியல் இல்லை, சோறு கிளறக் கொண்டுபோன அகப்பைதான் இருந்தது. அதால் மேசையில் தட்டி, "சிலான்ஸ்!" என்று கத்தினேன். பிரெஞ்சு வகுப்பில் வாத்தியாரம்மா எங்களைச் சத்தம் போடாமல் இருக்கச் சொல்லிக் கத்துகிற சொல். அது வேலை செய்தது.

பீட்டர் எழும்பி, இரண்டு இனத்துக்கும் பொதுவான ஆங்கிலத்தில் பேசினான். சங்கம் இரண்டாக வேண்டும், எரித்தவனோடு ஒரே கோப்பையில் தேத்தண்ணி குடிக்க முடியாது என்றான். சைமன் பக்கத்தில் ஒருவன் பாய்ந்தான். அகப்பையால் தட்டினேன். இவன் பேசும்போது அவன் கத்த, அவன் பேசும்போது இவன் கத்த, நான் தட்டிக்கொண்டேயிருந்தேன். பயத்தில்தான் அப்படித் தட்டினேன். அது பார்க்கிறவர்களுக்குக் கோபம்போலத் தெரிந்திருக்கும், நல்லதாய்ப் போயிற்று.

இதெல்லாம் எனக்குப் புதிதா என்ன! எங்கள் பள்ளிக்கூடத்துப் பழைய மாணவர் சங்கம் இந்த ஊரில் இரண்டாக உடைந்து, பிறகு அதில் ஒன்று இரண்டானது. செயலாளர் பதவிக்காகப் பிரிந்த அண்ணன் தம்பி, தாயின் செத்தவீட்டில் ஆளுக்கொரு மூலையில் நின்றார்கள். நான்தான் இரண்டு மூலைக்கும் கோப்பி கொண்டுபோனேன். அந்தக் கோப்பித் தட்டத்தின் பாரம் எனக்கு நல்லாய்த் தெரியும்.

வாக்கெடுப்பு. பிரிவதற்கு ஆதரவானவர்கள் கை தூக்கச் சொன்னேன். பீட்டர் தங்கையையே பார்த்துக்கொண்டிருந்தான். அவள் தூக்கவில்லை. எதிரானவர்கள் என்றதும், தமையனின் முகத்தைப் பாராமல், நிலத்தைப் பார்த்தபடி கையை உயர்த்தினாள்.

பீட்டரே எண்ணினான். பழைய வேலை அல்லவா, விரலை நீட்டி நீட்டி, உதடு அசைய. முடித்துவிட்டு நின்றான். திரும்பவும் எண்ணினான்.

"சரிபாதி," என்றான். "சரிபாதியாய் வந்தால் சபாநாயகர்தான் தீர்க்கவேணும். அதுதான் விதி."

என் கடவுளே! இந்த நாட்டுக்கு வந்த பிறகுதான் வாழ்க்கையில் முதல் வாக்கே போட்டவள் நான். மண்டபம் முழுவதும் என் வாயைப் பார்த்தது. ரெபெக்கா கண்ணை மூடிவிட்டாள். எனக்குப் பயம், வெறும் பயம். ஆனால் அந்த ஒரு முழ நிலம் கண்ணுக்கு நேரே கிடந்தது.

"நோன்," என்றேன். "பிரியக்கூடாது."

கதிரைகள் விழுந்தன. "சமையல்காரியின்ரை வாக்குச் செல்லாது!" என்று கத்தியது பீட்டரின் பக்கம்தான். இரண்டு மூன்று பேர் மேசையை நோக்கி வர, என் மனுசன் தட்டத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். நான் அகப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டேன்.

பீட்டர் கையை நீட்டி அவர்களை மறித்தான். அவன் முகம் அழுகிற முகமாக இருந்தது.

"எண்ணியாச்சு," என்றான். "நாங்கள் தோத்திட்டம். இருங்கோ."

சொல்லிவிட்டு முதல் ஆளாகத் தானே கதிரையில் இருந்தான். மற்றவர்கள் கொஞ்ச நேரம் நின்றார்கள், பிறகு ஒவ்வொருவராக இருந்தார்கள். என் வயதில் எத்தனையோ கூட்டம் பார்த்துவிட்டேன், தோற்றவன் தோற்றேன் என்று சொல்லி உட்கார்ந்ததை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, ஏப்ரனால் துடைத்தேன். ரெபெக்கா எழும்பி, பாதையைக் கடந்து, பிள்ளைகளோடு சைமனுக்குப் பக்கத்தில் போய் இருந்தாள். பீட்டர் தடுக்கவில்லை. பிறகு சாப்பாட்டு மேசைக்கு வந்து சைமனுக்குப் பின்னால் வரிசையில் நின்றான். ஒரே கோப்பையில் குடிக்கமாட்டேன் என்றவன்தான். ஆனால் நின்றான்.

அடுத்த வருடம் அவன் நாட்டுக்குத் திரும்பிப் போய்விட்டான். பாராளுமன்றம் திரும்பக் கூடப்போகிறதாம், வாக்கை எண்ணத் தெரிந்த ஆள் வேண்டுமாம். விமானநிலையத்தில் ரெபெக்கா அவன் கையை விடவேயில்லை. கொஞ்ச மாதம் தொலைபேசி வந்தது. பிறகு அவன் இருந்த தெருவிலேயே சூடு என்றார்கள், அதோடு தொலைபேசி நின்றது; செத்துவிட்டான் என்றுதான் பேச்சு. இங்கே சங்கத்தை ஒருவரும் உடைக்கவில்லை. ஆட்கள் அல்பேர்ட்டாவுக்கு வேலை தேடிப் போகப் போக அது தன்பாட்டில் கரைந்துபோனது. தேவாலயத்தை விற்று மாடி வீடுகள் கட்டிவிட்டார்கள். எங்கள் சமையற்கூடமும் இல்லை.

போன கிழமை மெத்ரோ ரயிலில் ரெபெக்காவைக் கண்டேன். தலை நரைத்துவிட்டது. சைமன் சுகம், பிள்ளைகள் பெரியாட்கள். பீட்டர் செத்தது நிச்சயம்தானா, எங்காவது அகதி முகாமில் பெயர் கிடக்காதா என்று கேட்டேன்.

"அங்கை இப்ப ஒருத்தரும் எண்ணுறேல்லை அக்கா," என்றாள். "செத்த ஆக்களைக்கூட."