ப்ளாண்டைப் பற்றி ஐந்து வாக்கியங்கள்

நான்காம் வகுப்பில் ஒரு நாள் டீச்சர் கரும்பலகையில் 'ப்ளாண்ட்' என்று ஆங்கிலத்தில் எழுதி, அதைப் பற்றி ஆங்கிலத்திலேயே ஐந்து வாக்கியங்கள் எழுதச் சொன்னார். மற்றப் பிள்ளைகள் இலை, வேர், தண்ணீர் என்று எழுதினார்கள். நான் என் அத்தை வேலைக்குப் போகும் இடத்தைப் பற்றி எழுதினேன்.

என்மேல் தவறில்லை. இன்றைக்கும் அப்படித்தான் சொல்வேன். பென்னலூர்ப் பக்கம் எங்கள் வீட்டில் செடியை யாரும் ப்ளாண்ட் என்று சொன்னதில்லை. செடி செடிதான். ப்ளாண்ட் என்றால் கார்களுக்கு ஒயர் கட்டும் தொழிற்சாலை. அப்பாவின் தங்கையான அத்தை தினமும் "ப்ளாண்டுக்கு டைமாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே பாதிச் சோற்றோடு எழுந்து ஓடுவாள். அவளை ஏற்றிப்போகும் பஸ்ஸின் கண்ணாடியிலும் அந்தச் சொல் ஒட்டியிருந்தது. நானாக எழுத்துக்கூட்டிப் படித்த முதல் ஆங்கிலச் சொல்லே அதுதான்.

அத்தை பிளஸ் டூ முடித்தவள். அவள் வேலைக்குப் போவதில் அப்பாவுக்கு இஷ்டமில்லை. ஃபேன் காற்றில் நாற்காலியில் உட்கார்ந்து செய்கிற வேலை என்று அவள் சொன்ன பிறகுதான் சம்மதித்தார். "வெயில்ல நிக்கவெச்சி வேலை வாங்குற எடமா இருந்தா, அன்னிக்கே வேலய வுட்டு நின்னுடணும்" என்று சொல்லித்தான் அனுப்பினார்.

நான் எழுதியவை இவை: ப்ளாண்டுக்குப் பெரிய கேட் உண்டு. ப்ளாண்டுக்கு மூன்று ஷிஃப்ட். ப்ளாண்ட் ராத்திரியிலும் தூங்காது. ப்ளாண்ட் எங்கள் தெருவுக்கு பஸ் அனுப்பும். ப்ளாண்டில் என் அத்தைக்கு நாற்காலி இல்லை.

கடைசி வாக்கியம் நானே கண்டுபிடித்தது அல்ல. அத்தை வெந்நீரில் கால் வைத்துக்கொண்டு அம்மாவிடம் மெதுவாகச் சொன்னதைக் கேட்டிருந்தேன்.

டீச்சர் என் நோட்டை வகுப்புக்கே படித்துக் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். 'ப்ளாண்ட் உயிருள்ளது' என்று பத்து முறை எழுதச் சொன்னார்.

"எழுத மாட்டேன் மிஸ்."

"ஏன்?"

"அத்தையோட பஸ்ல ப்ளாண்ட்னுதான் எழுதிக்கீது. அது தப்புன்னா அந்த பஸ்காரங்களயும் பத்து தடவ எழுதச் சொல்லுங்க."

வகுப்பு மறுபடியும் சிரித்தது. இந்த முறை என்னைப் பார்த்து அல்ல. டீச்சருக்கு முகம் சிவந்துவிட்டது. நோட்டில் பெரிய முட்டை போட்டு, அப்பாவிடம் கையெழுத்து வாங்கி வரச் சொல்லி வெளியே நிற்கவைத்தார். மதியம் வரை நின்றேன். அழவில்லை.

சாயங்காலம் நோட்டை அப்பாவிடம் நீட்டினேன். அவருக்கு ஆங்கிலம் தெரியாது. அப்போதுதான் பஸ்ஸிலிருந்து இறங்கி வந்திருந்த அத்தையைக் கூப்பிட்டு, "இன்னா எழுதிக்கீறான்னு படி" என்றார்.

அத்தை ஒவ்வொரு வரியாகப் படித்துத் தமிழில் சொன்னாள். கேட்டுக்கும் பஸ்ஸுக்கும் அப்பா சிரித்தார். "இதுக்கா முட்ட போட்டாங்க? நாளைக்கு நானே வந்து அந்த டீச்சர கேக்கிறேன்" என்றாள் அத்தை. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை. கடைசி வரியில் மட்டும் சற்று நின்றாள். பிறகு, "ப்ளாண்ட்ல எங்க அத்தைக்கு ஒரு நாற்காலி கீது" என்றாள்.

நான் குதித்து எழுந்தேன். "தப்பு! நாற்காலி இல்லன்னு எழுதிக்கீறேன். நோ போட்டிருக்கேன், பாரு!"

அத்தை என்னைப் பார்த்தாள். அப்பா அத்தையின் கால்களைப் பார்த்தார். இரண்டும் வீங்கியிருந்தன.

"நாள் பூரா நின்னுகினா கீற?"

"ஆமா, நின்னுகினுதான் கீறேன்."

"நாளையிலிருந்து போவ வேணாம்."

அத்தை நோட்டை மூடி என் கையில் கொடுத்தாள். "போவேன், அண்ணா. நம்ம நெலத்துல நாத்து நட்டப்போ நான் உக்காந்துகினா நட்டேன்? அன்னிக்கி ஏன் நீ கேக்கல?"

அப்பா என் கையிலிருந்து நோட்டை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

மறுநாள் காலை அத்தை அதே பஸ்ஸில் ஏறினாள். அப்பா தடுக்கவில்லை. நான் பத்து முறை எழுதாமலே பள்ளிக்குப் போய், இன்னும் இரண்டு நாள் வெளியே நின்றேன். மூன்றாம் நாள் டீச்சரே சலித்துப்போய் உள்ளே கூப்பிட்டுக்கொண்டார்.

ஜெயித்துவிட்டதாகத்தான் எனக்கு நினைப்பு. ஒரே ஒரு குறைதான். பிளஸ் டூ வரை படித்தும் அத்தைக்கு 'நோ' என்ற சின்ன வார்த்தையைக்கூடச் சரியாக வாசிக்கத் தெரியவில்லையே என்று அவளுக்காக வருத்தப்பட்டேன். ஞாயிற்றுக்கிழமை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று முடிவு செய்துகொண்டேன்.