அப்பா டிரில் செய்த நாள்

எங்கள் தோட்டத்துப் பெரிய துரைக்கு இரண்டு கிறுக்கு. ஒன்று அவருடைய நாய். மற்றது அவர் போய்வந்த யுத்தம். நவம்பர் பிறந்துவிட்டால் போதும், சட்டையில் சிவப்புக் கடதாசிப் பூவைக் குத்திக்கொண்டு, சண்டைக்குப் போனவர்களையும் போன இடத்தில் செத்தவர்களையும் கௌரவிக்கிறேன் என்று லயத்துச் சனம் முழுவதையும் ரப்பர் ஸ்டோருக்குக் கீழே இருந்த கிரவுண்டில் கூட்டிவிடுவார். பங்களாவிலிருந்து பாட்டுப்பெட்டி வரும். பேண்டு வாத்தியம் முழங்கும். அந்தத் தாளத்துக்கு இஸ்கூல் பிள்ளைகள், பால்வெட்டுகிற பெண்கள், புல்வெட்டுகிற ஆண்கள் எல்லோரும் கையைத் தூக்கி, காலை மடக்கி, குனிந்து நிமிர்ந்து டிரில் செய்யவேண்டும். முடிந்தால் ஆளுக்கு ஒரு பணிஸ் ரொட்டியும் பிளேன்டீயும் கிடைக்கும். எங்களுக்குப் பணிஸ்தான் யுத்தம், பணிஸ்தான் வெற்றி.

நான் சொல்லவந்தது பணிஸ் கிடைக்காத வருசத்தை. கம்பெனித் தோட்டங்களை அரசாங்கம் எடுப்பதற்குக் கொஞ்சம் முந்திய காலம் அது. அரிசி இல்லை, மாவு இல்லை. ருவான்வெல்லைக் கடைத்தெருவில் விடியுமுன்னே போய்ப் பாண் போலிமவில், அதாவது ரொட்டி வரிசையில் நின்றாலும், நம் முறை வரும்போது கதவைச் சாத்திவிடுவார்கள். மஞ்ஞொக்காக் கிழங்கை அவித்துத் தின்றோம். அது தீர்ந்தபிறகு கண்ட கீரையையும் தின்றோம். பக்கத்து லயங்களில் குழந்தைகளும் வயசாளிகளும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருந்தார்கள். என்ன வியாதி என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்பானேன், எல்லோர் வயிற்றிலும் அதே வியாதிதானே.

அந்த நேரம் பார்த்துத்தான் வேலைக் கணக்கிலிருந்து அப்பாவின் பேரை வெட்டினார்கள். இளவட்டமாக இருந்தபோது கப்பலேறிப் போய், பாலைவன தேசத்தில் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்கு ரோடு போட்டவர் அவர். அந்த மணலை நெஞ்சுக்குள்ளேயே கொண்டுவந்துவிட்டார் போல. இருமத் தொடங்கினால் நிற்காது. ஒருநாள் காலைப் பெரட்டில், பேர் கூப்பிடும்போதே சுருண்டு விழுந்தார். அதோடு சரி. எனக்கும் அம்மாவுக்கும் பால்வெட்டு, மழை விட்ட நாளில் மட்டும்தான் வேலை. நாங்கள் குடியிருந்த லயத்துக் காம்பராவோ அப்பா பேரில் இருந்தது. வருசக் கடைசிக்குள் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். எங்கே போவது? எங்களுக்கு இந்தியாவும் சொந்தமில்லை, இந்த நாடும் சொந்தமில்லை. அந்த ஒற்றைக் காம்பராதான் சொந்தம்.

அப்போதுதான் ஸ்டோருக்குக் காவல்காரர் இல்லாமல் போனது. இருந்தவர் இந்தியப் பாஸ்போர்ட் கிடைத்துக் குடும்பத்தோடு கப்பலேறிவிட்டார். ஆபீசிலிருந்த பெரிய கிளாக்கர் யாழ்ப்பாணத்துக்காரர், இரக்கமுள்ள மனிதர். அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னார்.

"துரை பட்டாளத்து ஆளுக்குத்தான் அந்த வேலையைக் குடுப்பார். இந்த முறை பட்டாளத்து ஆக்களும் முன்னுக்கு நிண்டு டிரில் செய்யோணுமாம். கடைசி வரைக்கும் செய்யிறவருக்குத்தான் ஸ்டோர்க் காவல். வேலை கிடைச்சா காம்பராவும் உமக்குத்தான். உம்மால ஏலுமோ?"

"ஏலும் ஐயா," என்றார் அப்பா. சொல்லி முடிக்கவும் இருமல் வந்துவிட்டது. கிளாக்கர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

தோட்டத்தில் பட்டாளத்துக்குப் போனவர்கள் இரண்டே பேர். ஒருவர் அப்பா. மற்றவர் பங்களாத் தோட்டக்காரர். பங்களா மிச்சம்மீதியைத் தின்று உடம்பைத் தேற்றிவைத்திருந்தார். அவர்மேல் எனக்கு இருந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சமில்லை. அவர் எனக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை, ஆனாலும் அவர் கால் சுளுக்க வேண்டும் என்று மாரியம்மாவிடம் வேண்டிக்கொண்டேன்.

தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வைத்து அப்பாவுக்கு டிரில் பழக்கினேன். இஸ்கூலில் நான்தான் டிரில்லுக்கு முன்னால் நின்றவள். "ஒன், டூ, த்ரீ, போர்! கையை நேரா தூக்குங்கப்பா!" என்று கத்துவேன். அப்பா இளைக்க இளைக்கச் சிரிப்பார்.

"அடியே, அந்த வெள்ளைக்காரச் சார்ஜண்டே தேவல போலிருக்கே. அவனாச்சும் மூச்சுவிட விடுவான்."

குடத்தோடு நின்ற அம்மாவுக்குப் பொறுக்காது. "தூக்குங்க மேல! சோத்துச் சட்டிக்குள்ள போறப்ப மட்டும் கை நீளுதுல்ல?" என்றாள் ஒருநாள். சொன்னபிறகுதான் சோறு என்ற வார்த்தை அவளுக்கே உறைத்தது. குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். அப்பா கையை முழுசாகத் தூக்கினார்.

டிரில் நாள் வந்தது. மழை ஓய்ந்து வெயில் சுள்ளென்று அடித்தது. அப்பா ஒரு இஞ்சித்துண்டைக் கடவாயில் அடக்கிக்கொண்டு, தோய்த்த காற்சட்டையோடு முன்வரிசையில் நின்றார். பக்கத்தில் தோட்டக்காரர், தூண் மாதிரி. துரை பாட்டுப்பெட்டியின் சாவியை முறுக்கினார். கர்ரென்றது, ஊமையாகிவிட்டது. இன்னும் முறுக்கினார், அதட்டினார், மேசையைக் குத்தினார். சனம் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றது. கடைசியில் பறையடிக்கும் தப்புக்காரரைக் கூப்பிட்டார்கள்.

தோட்டத்தில் தப்பு பேசாத நாள் கிடையாது. பெரட்டுக்குக் கூப்பிட ஒரு அடி, காமன் கூத்துக்கு ஒரு அடி, சாவுக்கு ஒரு அடி. எந்த அடி கேட்டாலும் எங்கள் கைகால் யாரையும் கேட்காமல் அதுக்கேற்றபடி ஓடும். தப்புக்காரர் வைக்கோலைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார். அந்த மாசம் அவர் சாவுக்கு அடித்ததுதான் அதிகம். அன்றைக்கு டிரில்லுக்கு என்று காமன் கூத்துத் துள்ளலடியை எடுத்தார். அடடா, அந்த அடியைக் கேட்டால் பசித்த காலும் எழும்பும்! சனம் முழுவதும் கையைத் தூக்கியது. நான் பின்வரிசையில் நின்று அப்பாவின் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தேன். குனிந்தார், நிமிர்ந்தார், காலை மடக்கினார். முதுகில் இருமல் எழும்புவதும் அதை அவர் விழுங்குவதும் எனக்குத் தெரிந்தது. நடுவில் தோட்டக்காரர் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆத்தா மாரியாத்தா! அப்பா கடைசி அடிவரைக்கும் செய்து முடித்து, குதிகால் இரண்டையும் சேர்த்து சலூட் அடித்தார்.

துரை கைதட்டினார். "நல்ல மனுசன்! நல்லா டிரில் செய்யுறது!" என்றார் அவருடைய தமிழில். அப்பாவை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். துரைசாணி சிவப்புக் கடதாசிப்பூ மாலையைக் கழுத்தில் போட்டாள். எனக்கு வந்த சந்தோசத்தில் பக்கத்தில் நின்றவளைக் கிள்ளிவிட்டேன். காம்பரா எங்களுக்குத்தான் என்று நினைத்தேன்.

அதன்பிறகு துரை கிளாக்கரிடம் ஏதோ சொன்னார். கிளாக்கர் தப்புக்காரரிடம் வந்தார்.

"சண்டையில செத்துப்போன ஆக்களுக்கு மரியாதையா ஒரு அடி அடிக்கட்டாம்."

தப்புக்காரர் தயங்கினார். "சாவு அடிங்களா ஐயா?"

"ஓம் ஓம், செத்தவைக்குத்தானே. அடியும்."

அவர் அடித்தார்.

முதலில் அசைந்தது, போன கிழமைதான் பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்த ஒருத்தி. கொண்டையை அவிழ்த்துவிட்டு, "என் ராசாவே" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள். இன்னொருத்தி ஓடிப்போய் அவள் தோளைக் கட்டிக்கொண்டாள். அப்புறம் யார், எவர் என்றில்லை. அந்த வருசம் அழ நேரமில்லாமல் அடக்கிவைத்த அழுகை எல்லாம் கிளம்பிவிட்டது. சாவு அடி கேட்டால் பெண்கள் சுற்றிக் கூடி ஒப்பாரி வைக்க நடுவில் ஒருவர் வேண்டும். கிரவுண்டில் மாலை போட்டு உட்கார்ந்திருந்தவர் ஒருவர்தான். எல்லோரும் அப்பாவைச் சுற்றிக் கூடிவிட்டார்கள்.

துரை தொப்பியைக் கழற்றினார். கண் கலங்கி நின்றார். தன்னுடைய சிப்பாய்களுக்காகத்தான் இந்தச் சனம் இப்படி மாரடித்து அழுகிறது என்று நினைத்திருப்பார், பாவம்.

அப்பாவாவது எழும்பியிருக்கலாம். எழும்பவில்லை. செத்த வீரர்களுக்கு மரியாதை செய்யும்போது இமைகூட அசையக் கூடாது என்று பட்டாளத்தில் பழக்கியிருந்தார்கள். வேலை கைக்கு வரும் நேரத்தில் பிசகிவிடக் கூடாதென்று, கண்ணைத் தூரத்தில் நிறுத்தி, விறைத்துப்போய் உட்கார்ந்திருந்தார். இளைத்த முகம், கழுத்தில் மாலை, சுற்றிலும் ஒப்பாரி.

பிளேன்டீ வாளியோடு மேலேயிருந்து இறங்கிவந்த அம்மாவின் கண்ணில் பட்டது அதுதான்.

வாளி உருண்டது. "ஐயய்யோ! உசுரோட இருக்கிற மனுசனுக்கா அடிக்கிறீங்க! பாவிகளா!" என்று கூட்டத்தைப் பிளந்துகொண்டு பாய்ந்தாள். மாலையைப் பிய்த்துக் கீழே போட்டு மிதித்தாள். சிவப்புப் பூவெல்லாம் சேற்றோடு சேற்றாகும்வரைக்கும் மிதித்தாள். தப்பு நின்றது. 

துரையின் முகம் அந்தப் பூவைவிடச் சிவந்தது. அவருக்கு விளங்கியது ஒன்றுதான். செத்துப்போன தன் கூட்டாளிகளின் பூவை ஒரு கூலிக்காரி காலால் மிதித்துவிட்டாள். கிளாக்கர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். துரை கையைக் காட்டி அடக்கிவிட்டு, நாயைக் கூட்டிக்கொண்டு பங்களாவுக்கு ஏறிப்போனார். மறுநாள் ஸ்டோர் வாசலில் பங்களாத் தோட்டக்காரர் தடியோடு நின்றார்.

அன்று லயத்துக்கு நடந்துவரும்போது அப்பா அடக்கிவைத்த இருமலையெல்லாம் இருமினார். ஒரு ரப்பர் மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்று, "கொஞ்சம் பொறுத்திருக்கக் கூடாதா புள்ள?" என்றார்.

அம்மா அவர் நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தாள். "நீங்க அசையலையே. உசுரு இருக்கான்னு எனக்குத் தெரியலையேங்க," என்று சொல்லி, அங்கேயே உட்கார்ந்து தலையிலடித்துக்கொண்டாள். எனக்கு அம்மாமேல் கோபம் கோபமாக வந்தது. கிளாக்கர்மேல், துரைமேல், செத்துப்போன அத்தனை சிப்பாய்கள்மேலும் வந்தது. யார்மேல் காட்டுவது? வெறும் வாளியைத் தூக்கிக்கொண்டு நடந்தேன்.

காம்பராவைக் காலி பண்ணும் நாள்வரைக்கும் அப்பா காத்திருக்கவில்லை. அதற்கு முன்பே ஒரு காலையில், வாசல் திண்ணை இஸ்தோப்பில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அன்றைக்கும் அப்படித்தான், அசையாமல் இருந்தார். அம்மா நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள், எடுத்தாள். அவ்வளவுதான்.

தப்புக்காரர் வந்தார். வாசலில் தோலைக் காய்ச்சிக் குச்சியை ஓங்கினார். அம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள்.

"வேணாண்ணே. இவருக்கு அதை அன்னைக்கே அடிச்சிட்டீங்க. மொதல்ல அடிச்சீங்களே, இவரு எங்களுக்காகக் கையைக் காலைத் தூக்குனாரே, அதை அடிங்க."

அவர் குச்சியைத் தாழ்த்தினார். பிறகு காமன் கூத்துத் துள்ளலடியை எடுத்தார். அந்த அடிக்கு ஒப்பாரி வராது. பெண்கள் கொண்டையை அவிழ்த்தபடி, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள். அழுகிறவர் ஒருவரும் இல்லாமல்தான் அப்பாவைத் தூக்கிக்கொண்டு ரப்பர் மலையில் இறங்கினார்கள். வாசலில் நின்ற எனக்கு, அழுகைக்குப் பதிலாக, ஒன், டூ, த்ரீ, போர் என்றுதான் வாயில் வந்தது.