அம்மாவையும் கேட்டுப் போட்ட கையெழுத்து

பனியன் கம்பெனியில் எனக்குச் செக்கிங் வேலை. தைத்து வரும் பீஸை உள்பக்கம் திருப்பிப் பார்த்து, ஓட்டை இல்லை என்றால்தான் என் நம்பர் சீட்டை வைப்பேன். நான் வேலைக்குப் போய்விட்டால் அம்மாவைப் பார்க்க ஆளில்லை. அதனால் தொண்ணூறுகளில் முதலிபாளையம் பக்கம் ஒரு முதியோர் இல்லத்தில் சேர்த்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்குப் போனேன். அம்மா எச்சில் வடியத் தூங்கிக்கொண்டிருந்தார். உலுக்கியதும் கண்ணைத் திறந்து, என்னை யாரோ போலப் பார்த்தார். போன வாரம்தான் என் கொண்டையைக் குறை சொன்னவர்.

நர்சம்மா ஒரு தாளை நீட்டினார். "மாத்திரைக்குச் சம்மதம்னு ஒரு கையெழுத்துப் போடுங்க."

"என்ன மாத்திரைங்க?"

"விடிஞ்சா எந்திரிச்சு வாசல் கேட் வரைக்கும் நடக்கறாங்க. மூலனூருச் சந்தைக்கு முருங்கைக்காய் கொண்டு போகோணுமாமா. அமைதியா இருக்கறதுக்குத்தானுங்க நாலு நாளாக் குடுக்கறோம்."

எனக்கு நாலு பேர் முன்னால் பேச வராது. கம்பெனியில் லீவு கேட்பதற்கே பக்கத்தில் இருப்பவளை அனுப்புவேன். ஆனாலும் திருப்பிப் பார்க்காத பீஸுக்கு நம்பர் வைத்துக் கை பழகவில்லை. "டாக்டர் வரட்டுங்க, கேட்டுட்டுப் போடறேன்" என்றேன்.

இல்லத்து ஆபீஸில் இருந்தவர் சிரித்தார். "அஞ்சாவது படிச்சுப்போட்டு டாக்டர்கிட்ட என்னத்தங்க கேப்பீங்க?"

"அஞ்சாவது படிச்சவளுக்குப் புரியற மாதிரி அவரு சொல்லட்டுமுங்க."

மூன்று மணி வரை பெஞ்சிலேயே இருந்தேன். டாக்டர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து சொன்னார். மனதை அடக்கும் மாத்திரையாம். தூக்கம் வரும், தள்ளாடி விழவும் கூடுமாம். வீட்டாரிடம் முன்னமே சொல்லியாயிற்று என்று நினைத்துவிட்டாராம்.

"என்ற அம்மாகிட்டயும் சொல்லுங்க. முழுங்கறது அவங்கதானுங்க."

அம்மா தெளிந்து கேட்கட்டும் என்று அவர் மாத்திரையைக் குறைத்தார். அடுத்த ஞாயிறு அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தார். டாக்டர் எல்லாவற்றையும் அவரிடம் சொன்னார்.

"நடக்கறது ஒரு நோவா கண்ணு?" என்றார் அம்மா. "நெஞ்சு படபடன்னா நானே கேக்கறேன், அப்பக் குடு. நடைய நிறுத்தறதுக்கு வேண்டாம்."

டாக்டர் அப்படியே எழுதினார். அம்மா கைநாட்டு வைத்தார். ஒவ்வொரு எழுத்தாகப் படித்துவிட்டு, அதன் கீழே நான் கையெழுத்துப் போட்டேன்.

"உங்க புள்ளதான் விடாம உக்காந்து கேட்டாங்க" என்றார் நர்சம்மா.

"இவளா? வாயில கொழுக்கட்டைய வெச்சவளாட்ட இருப்பாளே!" அம்மா பக்கத்துக் கட்டில்காரம்மாவிடம் திரும்பினார். "கேட்டீங்களா, என்ற புள்ள டாக்டரையே உக்கார வெச்சுப்போட்டா!"

அந்த ஹாலில் இருந்த அத்தனை கட்டிலுக்கும் சொல்லி முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். நிறுத்தச் சொல்லவில்லை.