பொன்னைக் கரைத்த மங்களேஸ்வரி

“டொக்ரர் அம்மா போயிட்டா, ரீச்சர்.” மருத்துவமனை ஆய்வுகூடப் பணியாளர் சைக்கிளை விட்டு இறங்காமலே சொன்னார். மருத்துவர் மங்களேஸ்வரியின் இரத்தத்தில் எந்த மருந்துக்கும் அடங்காத கிருமி பரவியிருந்தது. இதை விதியென்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.

போர்நிறுத்தத்தின் கடைசி மாதங்களில் அவர் கிளிநொச்சியிலிருந்த என் வீட்டுக்கு வந்தார். நான் ஓய்வுபெற்ற இரசாயனவியல் ஆசிரியை.

“தங்கம் கரைக்க வேணும், ரீச்சர்.”

“போடவே தங்கமில்லாத ஊரிலை கரைக்கத் தங்கமோ?”

அவர் தமது மோதிரத்தைக் கழற்றி மேசையில் வைத்தார். மிக நுண்ணிய தங்கத் துகள்கள் கிருமியில் ஒட்டிக்கொள்ளும் என்றும், தகுந்த ஒளி பட்டால் சூடேறி அதைக் கொல்லும் என்றும் ஆய்விதழொன்றில் படித்திருந்தார். அமிலத்தில் கரைத்தோம், கொதிக்கவைத்தோம், நீர் மாதுளஞ்சாறு போலச் சிவந்தது. தெற்கிலிருந்து வரும் பாதை மூடப்பட்டதால் அதற்குரிய விளக்கு மட்டும் வரவில்லை. வெயிலில் வைத்துப் பார்த்தோம். கிருமி செத்தது. துகள் இடாத கிண்ணத்திலும் செத்தது.

“வெயில்தான் கிருமியைக் கொண்டுபோட்டுது, ரீச்சர். எங்கடை பொன் இல்லை.”

அதற்குள் பொன்மருந்துக் கதை ஊரெல்லாம் பரவிவிட்டது. நாயாற்றிலிருந்து வந்த ஒரு தாய், காலில் ஆறாத புண்ணோடு கிடந்த மகளுக்காகத் தாலிக்கொடியைக் கழற்றி நீட்டினார்.

“உங்கடை மோதிரத்திலை செம்பு கூட. அதுதான் வேலை செய்யேல்லை. இது நல்ல பவுண், கரையுங்கோ.”

“பொன்னிலை பிழையில்லை, அம்மா. என்னட்டை அதுக்கான வெளிச்சமில்லை.”

“வெளிச்சம் முற்றத்திலை கொட்டிக் கிடக்கு!”

“அது காணாது, அதுக்கு வேறை விளக்கு வேணும். அந்தத் தண்ணி புண்ணுக்கு என்ன செய்யுமெண்டும் எனக்குத் தெரியாது.”

“உங்கடை பிள்ளையெண்டாலும் பூசமாட்டியளோ?”

“பூசமாட்டன்.”

காலை வெட்டி எடுத்தும் அந்த மகள் பிழைக்கவில்லை. ஏழைக்கென்றதும் மருந்தை ஒளித்துவிட்டார் என்று தாய் மருத்துவமனை வாசலில் நின்று திட்டினார். மங்களேஸ்வரி அடுத்த நோயாளிக்குக் கட்டுப் போடப் போனார்.

மழைக்காலத்தில், ஒரு நோயாளியின் புண்ணைச் சுத்தம் செய்கையில் மங்களேஸ்வரியின் விரல் வெட்டுப்பட்டது. கை தோள்வரை வீங்கிக் கிடந்தவரிடம், சிவந்த நீரைப் பூசட்டுமா என்று நானே கேட்டேன். படித்தவள்தான், கேட்டேன்.

“நிரூபணம் கொண்டுவந்தனீங்களோ?”

“இல்லை.”

“அப்ப சும்மா இருங்கோ, ரீச்சர்.”

நேற்று வாய்க்கரிசி போடும்போது அந்தத் தாயும் வந்து என் பக்கத்தில் நின்றார்.

“அவாவுக்கும் பூசேல்லையோ?”

“இல்லை.”

கையில் அள்ளிய அரிசியைப் போட மறந்து, அவர் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டார்.

மங்களேஸ்வரி, நீர் செய்தது சரி. அதனால் ஒருவரும் பிழைக்கவில்லை. போய்வாரும்.